ஐப்பசியில் இறுகிய இழுப்பறை

ஓசூரிலிருந்து கடலூருக்குக் குடிவந்தபோது, வீட்டுச் சாமான்கள் எல்லாவற்றையும்விட என் தச்சு மேசையைத்தான் கண்ணும் கருத்துமாக ஏற்றி இறக்கினேன். நானே தேக்கில் செய்த மேசை. அதன் அடியில் உளிகள் வைக்க ஓர் இழுப்பறை உண்டு. முகப்புப் பலகை 20 சென்டிமீட்டர் உயரம். மேலே ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தேன். ஓசூரில் ஒற்றை விரலால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். ஆனி மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வந்து இறங்கியபோதும் அப்படியேதான் வந்தது.

ஐப்பசி அடைமழை தொடங்கிய மூன்றாவது வாரம் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. கார்த்திகையில் அதன் மேல் விளிம்புக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு தாளைக்கூட நுழைக்க முடியவில்லை. உளிகள் அத்தனையும் உள்ளே மாட்டிக்கொண்டன.

சிதம்பரத்திலிருந்து ஜன்னல் வேலைக்கு வந்திருந்த வயதான தச்சரிடம், "அண்ணே, பலகையைக் கழற்றி மேலே கொஞ்சம் இழைச்சு விட்டுடலாமா?" என்று கேட்டேன். விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "இப்ப இழைச்சீங்கன்னா ஆடிக்காத்து அடிக்கிறப்ப லொடலொடன்னு ஆடும் சார். மரம் தண்ணி குடிச்சிருக்கு. குடிச்சது தானா எறங்கும். விட்டுடுங்க" என்றார்.

அவர் சொன்ன ஒரு வரிக்குள் மர அறிவியலின் பாதி அடங்கியிருக்கிறது. புதிய ஊரில் பட்டறை போடுகிறவர்கள் எந்த ரம்பம், எந்த மோட்டார், மேசை எங்கே என்றுதான் முதலில் யோசிக்கிறோம். நானும் அப்படித்தான் யோசித்தேன். ஆனால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த ஊரின் காற்றைத்தான்.

மரத்தை வெட்டிப் பார்த்தால் அது கெட்டியான ஒரே பொருளாகத் தெரிகிறது. உருப்பெருக்கியில் பார்த்தால், வைக்கோல் தாள்களைக் கட்டுக்கட்டாக நிறுத்தி ஒட்டியதுபோல நீண்ட குழாய்களின் தொகுதி. பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, குழாயின் உள்வெளியில் தளும்பும் நீர். மற்றொன்று, குழாய்ச் சுவருக்குள்ளேயே புகுந்து, செல்லுலோஸ் இழைகளோடு பிணைந்திருக்கும் நீர். மரம் உலரும்போது தளும்பும் நீர் முதலில் போகும். அப்போது எடை குறையும், அளவு மாறாது. மரத்தின் உலர் எடையில் 28 முதல் 30 சதவீதம் வரை நீர் எஞ்சியிருக்கும் கட்டம்தான் திருப்புமுனை. அதற்குக் கீழே, சுவருக்குள் இருக்கும் நீர் வெளியேறத் தொடங்குகிறது. இழைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. மரம் சுருங்குகிறது. காற்றில் ஈரம் ஏறினால் அதே நீர் இழைகளுக்கு நடுவே மீண்டும் புகுந்து அவற்றைப் பிரித்துத் தள்ளுகிறது. மரம் உப்புகிறது. வெட்டி நூறு வருஷம் ஆன உத்தரமும் இதைச் செய்துகொண்டேதான் இருக்கிறது.

இந்த உப்பலும் சுருங்கலும் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல இருப்பதில்லை. இழைகள் நீளவாக்கில் ஓடுவதால் பலகையின் நீளம் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. மாற்றமெல்லாம் அகலத்திலும் கனத்திலும்தான். அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் அதிகம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏறத்தாழப் பாதிதான். தேக்கை எடுத்துக்கொள்வோம். பச்சை நிலையிலிருந்து முழுக்க உலரும்வரை வளையத் திசையில் சுமார் 5.8 சதவீதமும், மையத் திசையில் சுமார் 2.5 சதவீதமும் சுருங்கும். மரங்களுக்குள்ளேயே மிகக் குறைவாக அசையும் இனங்களில் ஒன்று அது. அதனால்தான் கப்பல் கட்டுகிறவர்களும் கதவு செய்கிறவர்களும் அதன் பின்னால் அலைந்தார்கள்.

என் இழுப்பறையின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 5.8 சதவீதத்தை 30-ஆல் வகுத்தால், ஈரம் ஒரு சதவீதம் மாறும்போது அகலம் ஏறத்தாழ 0.19 சதவீதம் மாறுகிறது. காற்றின் ஈரப்பதம் 55 சதவீதத்தில் நின்றால் மரம் சுமார் 10 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். 80-ஐத் தாண்டினால் 16 சதவீதத்துக்குப் போய்விடும். ஆக 6 சதவீத ஏற்றம். 20 சென்டிமீட்டர் பலகை 2.3 மில்லிமீட்டர் வளர்ந்துவிட்டது. நான் விட்டிருந்த இடமோ ஒன்றரை.

ஆனியில் வந்து இறங்கியபோது இது ஏன் தெரியவில்லை? கடலூரின் ஆண்டுச் சுழற்சி அப்படி. இந்தியாவின் பெரும்பகுதி ஆனி, ஆடியில் நனையும்போது நம் கிழக்குக் கரையில் மேல்காற்று வீசுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையை இறக்கிவிட்டு, நிலம் முழுவதும் காய்ந்துகொண்டே வரும் காற்று அது. பிற்பகலில் கடற்காற்று உள்ளே வரும்வரை ஊர் வறண்டு கிடக்கும். இங்கே மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. எனவே கடலூர், சிதம்பரம் பக்கத்து மரச்சாமான் ஆனி, ஆடியில் இளைக்கும், ஐப்பசி, கார்த்திகையில் பருக்கும். ஆடியில் சரியாக இறுகப் பொருத்திய கதவு கார்த்திகையில் மாட்டிக்கொள்ளும். கார்த்திகையில் பொருத்திய கதவோ ஆடியில் இடுக்கு காட்டும். இழுப்பறையை எந்த மாதத்தில் செய்கிறோம் என்பதை வைத்துத்தான் இடைவெளி விட வேண்டும். இங்குள்ள தச்சர்கள் இதைப் புத்தகத்தில் படித்துச் செய்யவில்லை, ஆனால் செய்கிறார்கள்.

மரவாடியில் வாங்கும் பலகையும் இப்படித்தான். கன அடிக் கணக்கில் விலை பேசி, "நல்லா காஞ்ச மரம்" என்று வாங்கி வருகிறோம். அது எங்கே காய்ந்தது என்பதே முக்கியம். சூளையில் காய்ந்த மரத்துக்கும் கடலூர் ஓட்டுக் கொட்டகையில் காய்ந்த மரத்துக்கும் வித்தியாசம் உண்டு. வாங்கி வந்த பலகைகளைச் செங்கல் மேல் தூக்கிவைத்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே ஒரே கனமுள்ள ரீப்பர் துண்டுகளைக் குறுக்கே கொடுத்து அடுக்க வேண்டும். நான்கு பக்கமும் காற்று போக வேண்டும். வெயில் நேராகப் படக் கூடாது. முனைகளில் தண்ணீர் வேகமாக ஆவியாகி விரிசல் விடும் என்பதால், வெட்டுமுகத்தில் பெயின்டோ மெழுகோ பூசிவிடுவது நல்லது.

அந்தப் பலகை ஊருக்குப் பழகிவிட்டதா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சமையலறை எலெக்ட்ரானிக் தராசு போதும். அதே பலகையில் ஒரு துண்டை அறுத்து, பட்டறையிலேயே வைத்து, வாரம் ஒருமுறை எடை போட்டுச் சுவரில் எழுதிவையுங்கள். 400 கிராம் உலர் எடை உள்ள துண்டு, 10 சதவீத ஈரத்தில் 440 கிராம் இருக்கும், 16 சதவீதத்தில் 464. எடை இறங்கிக்கொண்டே இருந்தால் மரம் இன்னும் காய்கிறது, ஏறினால் குடிக்கிறது. மூன்று நான்கு வாரம் ஒரே எடையில் நின்றால் உளியை எடுக்கலாம்.

மரம் அசையும் என்று ஏற்றுக்கொண்டுவிட்டால், அடுத்த கேள்வி அதை எப்படி அசையவிடுவது என்பது. இதற்குப் பாடம் படிக்க நான் சிதம்பரம்தான் போவேன். நடராஜர் கோயிலில் கருங்கல் மண்டபங்களுக்கு நடுவே, சித்சபை மரத்தூண்களும் மரச் சுவரும் கொண்ட அமைப்பாக நிற்கிறது. மேலே பொன்னோடு வேய்ந்த கூரை. ஓடுகள் 21,600, ஆணிகள் 72,000 என்பது மரபு சொல்லும் கணக்கு. மூச்சையும் நாடியையும் குறிப்பதாகச் சொல்வார்கள். தச்சுக்கண்ணோடு பார்க்கிறவனுக்கு வேறொன்றும் தெரிகிறது. கடல் சில மைல் தொலைவில் இருக்கும் ஊரில், ஆண்டுதோறும் அடைமழை பெய்யும் மண்ணில், மரக் கட்டமைப்பைக் காப்பாற்றுவது நீர் ஒழுகாத கூரையும், நீர் தேங்காத பீடமும்தான். நனைந்த மரம் நனைந்தபடியே கிடந்தால்தான் பூஞ்சை பிடித்து மக்கும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மக்க வைக்கும் பூஞ்சைகள் வளர முடியாது.

வெளியே வீதிக்கு வந்தால் தேர். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் ஐந்து தேர்கள் ஓடுகின்றன. ஒன்று ஆனியின் வறட்சியில், மற்றொன்று மார்கழியின் ஈரத்தில். ஒரே மரத்தேர் ஆண்டின் இரு எல்லைகளிலும் பாரம் தாங்குகிறது. இறுக ஒட்டிய ஒரே கட்டையாக இருந்தால் பிளந்துவிடும். துளைக்குள் நாக்கைச் செருகி, முளையும் ஆப்பும் அடித்து இணைத்த தேரில் ஒவ்வொரு கட்டைக்கும் கொஞ்சம் இடம் இருக்கிறது. தளர்ந்தால் ஆப்பை மீண்டும் அடித்து இறுக்கலாம். நம் வீட்டுப் பழைய கதவுகளிலும் இதே அறிவுதான். சுற்றிச் சட்டம், சட்டத்தின் உள்விளிம்பில் காடி, அந்தக் காடிக்குள் பலகை. பலகையைக் காடியில் ஒட்ட மாட்டார்கள், ஆணியும் அடிக்க மாட்டார்கள். அது உள்ளே மிதந்தபடி உப்பலாம், சுருங்கலாம், கதவின் அளவு மாறாது. அறியாமல் பசை போட்டு ஒட்டிவிட்டால், முதல் ஆடியிலேயே பலகை நடுவில் கீறும்.

மேசைப் பலகையைச் சட்டத்தோடு பூட்டும்போதும் இதே கவனம் வேண்டும். திருகாணித் துளையைக் குறுக்குவாட்டில் நீளமாக வெட்டிவிட்டால், பலகை நகரும்போது திருகாணியும் கூடவே நகரும். வார்னிஷ் அடித்துவிட்டால் மரம் அசையாது என்று நினைக்க வேண்டாம். வார்னிஷ் ஈரத்தைத் தாமதப்படுத்தும், தடுக்காது. மேலே மட்டும் பூசிவிட்டு அடிப்பக்கத்தை வெறுமனே விட்டால், ஒருபக்கம் சீக்கிரம் குடித்து மற்றப்பக்கம் தாமதித்துப் பலகை கிண்ணம்போல வளையும். இரண்டு பக்கமும் பூசுங்கள். அசையவே கூடாத இடத்துக்கு ஒட்டுப்பலகைதான் சரி. அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் ஒன்றின் அசைவை மற்றொன்று பிடித்துக்கொள்ளும். அதிலும் ஐ.எஸ். 303 முத்திரையில் சாதாரண ரகமும் உண்டு, கொதிநீர் தாங்கும் ரகமும் உண்டு. கடலோர வீட்டுக்குப் பின்னதையோ, ஐ.எஸ். 710 மரைன் பலகையையோ கேட்டு வாங்குங்கள்.

இனி எந்த மரம்? "வைரம் பாய்ந்த கட்டை" என்று திடமான மனிதரைச் சொல்கிறோம். வைரம் என்பது மரத்தின் நடுப்பகுதி. மரம் வளர வளர உள்பக்கத்துச் செல்கள் நீர் கடத்தும் வேலையை நிறுத்திக்கொண்டு, பிசின்களாலும் கசப்புச் சேர்மங்களாலும் நிரம்புகின்றன. நிறம் அடர்கிறது. வெளிப்பக்கத்து வெளிறிய பகுதியில் மாவுச்சத்து இருக்கும். உளுக்கும் வண்டு தேடி வருவது அதைத்தான். மரம் உளுத்துப்போனால் முதலில் மாவாக உதிர்வது இந்த வெளிறுதான். உள்ளே வயிரம் உடையவை மரம், புறத்தே வயிரம் உடையவை புல் என்று தொல்காப்பிய மரபியல் பிரித்துவைத்திருக்கிறது. பனையும் மூங்கிலும் புல்லில் சேரும். பனஞ்சட்டத்தின் வெளிவிளிம்பு இரும்பாகவும் உள்ளே சோறாகவும் இருப்பதை இழைத்துப் பார்த்தவர்கள் இந்தப் பகுப்பை வியக்காமல் இருக்க முடியாது. இன்றைய தாவரவியலும் அவற்றை ஒருவித்திலைத் தாவரங்களாகத் தனியே வைக்கிறது.

தேக்கின் வைரத்தில் டெக்டோகுவினோன் என்னும் சேர்மம் இருக்கிறது. கரையான் அதை ஒதுக்குவதற்கு இது ஒரு காரணம். ஆனால் தேக்கு மட்டுமே மரம் அல்ல. கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே கை நீட்டும் தூரத்தில் நல்ல மரங்கள் உண்டு. பண்ருட்டிப் பலா, பழத்துக்கு மட்டும் பேர்போனதில்லை. தஞ்சாவூர் வீணைக்குக் குடமும் தண்டியும் பலாவில்தான் செய்கிறார்கள், பண்ருட்டிப் பக்கத்து மரம் அதற்குப் போகிறது. 2011 டிசம்பர் 30 அதிகாலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததை இந்த மாவட்டம் இன்னும் மறக்கவில்லை. பூவரசு இழைப்புக்கு இணக்கமானது. புளியங்கட்டையில் கொட்டாப்புளி செய்தால் ஆயுளுக்கும் வரும். மணல் பூமி முழுக்க நிற்கும் சவுக்கு பாரம் தாங்கும், ஆனால் காயும்போது முறுக்கி வெடிக்கும். பலகைக்கு அதை நம்பாதீர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் இன்று பிச்சாவரத்துச் சதுப்பில் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். அதை உளியோடு நெருங்கவே கூடாது.

மரத்துக்கு அடுத்து இரும்பு. ஓசூரில் எண்ணெய் காட்டாமல் வருஷக்கணக்கில் கிடந்த என் இழைப்புளி அலகில், கடலூரில் பத்தே நாளில் செம்புள்ளி விழுந்தது. ஈரம் மட்டும் இதற்குக் காரணம் இல்லை. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து, உப்புத் துகளாக மிதந்து ஊருக்குள் வருகின்றன. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அலகின் மேல் உட்கார்ந்த கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள், இப்படித் தன்னைச் சுற்றி ஒரு சொட்டு உப்புநீரை உண்டாக்கிக்கொள்கிறது. மின்னோட்டம் கடத்தும் அந்தச் சொட்டுக்குள் இரும்பு எலெக்ட்ரானை இழந்து துருவாகிறது. ஆகவே துருவைத் தடுக்கத் துடைப்பது முதல் வேலை, எண்ணெய் இரண்டாவது. வேலை முடிந்ததும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, உலர்த்தி, தையல் மிஷின் எண்ணெயை மெல்லப் பூச வேண்டும். உப்பின் மேலேயே எண்ணெய் பூசினால் அடியில் துரு நடந்துகொண்டே இருக்கும். செய்தித்தாளில் சுற்றிவைப்பதும் தவறு. தாளும் மரத்தின் பிள்ளைதான், அது ஈரத்தைக் குடித்து இரும்போடு ஒட்டவைக்கும்.

உளி என்றதும் பரங்கிப்பேட்டையைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வராது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில், 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பாலை நடத்தினார். சேலத்துத் தாது, காட்டு மரத்துக் கரி. கரியும் பணமும் கட்டுப்படியாகாமல் அந்த ஆலை நிலைக்கவில்லை. இங்கிலாந்து திரும்பிய ஹீத், உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். இரும்பில் இருக்கும் கந்தகத்தையும் ஆக்சிஜனையும் மாங்கனீசு பிடித்துக்கொள்வதால், மலிவான இரும்பிலிருந்தும் உடையாமல் அடித்து வடிக்கக்கூடிய உருக்கு கிடைத்தது. ஷெஃபீல்டு நகரத்து உருக்கின் விலை இறங்கியது. பழைய தச்சர் வீடுகளில் ஷெஃபீல்டு முத்திரை போட்ட உளியைப் பார்க்கிறவர்கள், அந்த மனிதர் இரும்பு உருக்கிய ஊர் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

இடம், மின்சாரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015 நவம்பர் வெள்ளத்தைக் கண்ட மாவட்டம் இது. பிளக் பாயின்ட் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும், மோட்டார் மேடைமேல் நிற்கட்டும். ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டார் தொடங்கும் நொடியில், ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டாமல் தனி லைன் இழுத்து, எர்த் கொடுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போடுங்கள். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கும் பழக்கம் உள்ள நமக்கு இது உயிர்காப்பு.

மரத்தூளை எளிதாக எண்ணாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே மரத்தூளை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. கண்ணுக்குத் தெரியும் தூளைவிட, வெயில் கதிரில் மட்டும் மினுங்கும் நுண்தூள்தான் ஆபத்து. எந்திரத்தில் மணல்தாள் போடும்போது என்95 முகக்கவசம் கட்டாயம். இன்னொன்று, பலர் அறியாதது. ஆளிவிதை எண்ணெய் தொட்டுத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும்போது வெப்பம் வெளிவிடும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் தப்ப வழியில்லாமல் ஏறி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரி பார்க்கப் போய்விட்டு வந்து, இழுப்பறையை இழுத்துப் பார்த்தேன். சற்று முனகியது, பிறகு வந்தது. உள்ளே ஆறு உளிகள். துடைத்து எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்த நான்கும் பளிச்சென்று இருந்தன. செய்தித்தாளில் சுற்றிய இரண்டிலும் தாளின் எழுத்து துருவோடு ஒட்டியிருந்தது. அந்த இரண்டையும் சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டேன். முகப்புப் பலகையில் இழைப்புளி வைக்கவில்லை.